விருந்தாளிக்கு ஒரு சட்டை

தையற்காரரின் மனைவி கட்டில்மேல் பையைத் திறந்துவைத்து, அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். தளர்வான கால்சட்டைகள், குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் ஷூ, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகள். பக்கவாதம் வந்தவர்களுக்கு நடக்கவும் உடுத்தவும் மறுபடி பழக்குகிற ஆஸ்பத்திரி; சில வாரம் அங்கேயே தங்க வேண்டும். மதியத்துக்குள் போகாவிட்டால் படுக்கை வேறொருவருக்குப் போய்விடும். அதோடு, நோயாளி தன் வாயால் சம்மதம் சொன்னால்தான் சேர்ப்பார்களாம். தையற்காரர் மாட்டேன் என்றார்.

"நான் போயிட்டா அந்த ஆளோட நீ தனியா இருப்பியா?"

அந்த ஆள் என்றது அவருடைய இடது கையை. வாதம் வந்ததிலிருந்து அது அவருடையதாக இல்லை. யாரோ ஒருவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு போர்வைக்கு வெளியே கையை நீட்டுகிறார் என்று நம்பினார். மூளை பாதிக்கப்பட்டால் சிலருக்கு இப்படித் தோன்றும், மறுத்துப் பேசாதீர்கள், ஆமாம் போடவும் செய்யாதீர்கள் என்றார் டாக்டர். ரெண்டும் இல்லாமல் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று மட்டும் சொல்லவில்லை. அவள் சீக்கிரமே ஆமாம் போடத் தொடங்கிவிட்டாள். "அவருக்கு டீ குடுத்தியா?" என்றால், "குடுத்தாச்சு, குடுத்தாச்சு."

தொழில்புத்தி மட்டும் அவருக்கு மழுங்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் கண்ணாலேயே அளவெடுக்கிறவர். அன்று காலை டேப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

"அவரோட தோள்ல பிடி. மணிக்கட்டு வரைக்கும் விடு. ஆச்சா? இப்ப என்னோடத எடு."

வலது கை அரை அங்குலம் குறைந்தது.

"பாத்தியா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கற."

செயலற்ற கை தன் கனத்தில் தோளைவிட்டு இறங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் டேப்பைச் சுருட்டுமுன் இன்னொரு தடவை அளந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் தைத்ததற்கெல்லாம் காஜா எடுத்தவள். டேப் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

"என் நீலச் சட்டைல இடது கையை மட்டும் இறக்கிக் குடு. வெறுங்கையோட ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா எப்படி வருவாரு?"

மடிப்பைப் பிரித்து அரை அங்குலம் இறக்கித் தைத்தாள். இத்தனை நாள் சும்மா கிடந்த மெஷின் முனகாமல் ஓடியது.

"கொக்கியில மாட்டிட்டு வெளிய இரு. நாங்க பேசிக்கறோம்."

கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே நின்றாள். உள்ளே அவர் குரல் கேட்டது. ஒருவர் பதில் சொல்லும் அளவுக்கு இடைவெளி. மறுபடி அவர் குரல். எதற்கோ சிரித்தார். பிறகு அவளைக் கூப்பிட்டு, "வா, போலாம்" என்றார்.

கார் கொண்டுவந்திருந்த அவள் தம்பி பையைத் தூக்கினான். "என்ன மாமா, புது மாப்பிள்ளை மாதிரி கிளம்பிட்டீங்க?"

"விட்டா உங்க அக்கா இன்னொரு மாப்பிள்ளையும் பாப்பா, மச்சான்."

தம்பி சிரித்தான். அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

பாதி வழியில் அவர் வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்து, விரல் விரலாகத் தடவினார். "ஐயோ பாவம், எப்படி மரத்துப் போச்சு என் கை" என்றார்.

என் கை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்சீட்டிலிருந்து திரும்பினாள்.

"அப்ப அந்த ஆளு?" என்றான் தம்பி.

"அவரு வரல மச்சான். வீடு பிடிச்சிருக்காம். சட்டையும் கச்சிதமாம்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டதும், "தங்கறேம்மா" என்று தெளிவாகச் சொன்னார். ஷூவைக் காட்டி, இடது காலில் முதலில் போடவா என்றுகூடக் கேட்டார். கையைத் தன் கை என்கிறாரே, இதைவிட நல்ல சேதி இருக்க முடியாது என்று டாக்டர் அவளிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஆமாம் போட்ட கதையைச் சொல்லவில்லை.

"என் வீட்டுக்கு வந்துடேன்க்கா" என்றான் தம்பி, திரும்பும்போது.

"போட்டது போட்டபடி கிடக்கு. நீ கிளம்பு."

கார் போகும்வரை வாசலில் நின்றாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. சட்டையைக் கொக்கியில் மாட்டும்போது அதன் கைகளைத் தொங்கலாக விட்டோமா, மடித்தோமா என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. சாவியைப் பூட்டுக்குள் விட்டாள். திருப்பவில்லை. சாவியை விட்டுவிட்டு, தன் வீட்டுக் கதவை மெதுவாகத் தட்டினாள்.