பிரியாணிக்கு முளைத்த நாட்டு வால்

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவன் நான். அடக்கத்துக்காகச் சொல்வதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகையும் பேனரும் அச்சடித்துப் பிழைக்கிறவன், எதிர்க்கடை போர்டில் ஒரு சுழி தப்பினால்கூட ரோட்டைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறவன், ஒரே ஒரு பெயரை நானே யோசித்து, நானே பதிந்து, நானே கொட்டை எழுத்தில் அடித்து ஒட்டினேன். அதற்குள் என்ன படுத்துக் கிடக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. என் கடையில் பிழை திருத்தம் இலவசம். இனி ஏன் இலவசம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கிள்ளானில் எனக்கு ஒரு நண்பர். தமிழ் முஸ்லிம், பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். வயதில் அவர்தான் மூத்தவர். என் தலையில் முடி இல்லாததைப் பார்த்து ஏமாந்துவிட்டார், நானும் திருத்தவில்லை. அவருடைய சமையல்காரர் திண்டுக்கல்லிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். பாஸ்மதியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். சீரகச் சம்பா அரிசி இல்லாமல் அடுப்பு பற்ற வைக்க மாட்டார். அதனால் அந்தக் கடைக்கு எல்லார் வாயிலும் சம்பா பிரியாணி என்றே பெயர்.

பக்கத்தில் பெரிய மால் ஒன்று வந்ததும் பாயின் மதிய வியாபாரம் படுத்துவிட்டது. சமையல்காரரின் பெர்மிட் முடியப் போகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் நிலையான வியாபாரம் வேண்டும். பங்சாரில் ஓர் அலுவலகம் தினமும் மதியச் சாப்பாடு அனுப்ப ஆள் தேடுவதாகத் தெரிந்தபோது, பாய் அதைப் பிடித்தே தீருவது என்று நின்றார். கிடைத்தால் சமையல்காரர் இருப்பார். கிடைக்காவிட்டால் அவரை விமானம் ஏற்றிவிட்டு, பாயும் பாஸ்மதிக்கு மாற வேண்டியதுதான்.

அந்த அலுவலகத்தில் சாப்பாட்டுப் பொறுப்பைப் பார்ப்பவர் ஒரு மலாய் அம்மா. எல்லாரும் புவான் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவர் அனுப்பிய நிபந்தனைகளில் அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சட்டியைக் கழுவுகிறீர்களா என்றும் இல்லை. இலவச மின்னஞ்சல் முகவரி ஏற்கப்படாது, கடையின் சொந்தப் பெயரில், நம் நாட்டு முடிவோடு உள்ள முகவரி வேண்டும் என்று மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. பிரியாணிக்கு வாசனை இருந்தால் போதாது, வால் இருக்க வேண்டும். அதுவும் 'டாட் காம் டாட் மை' என்கிற நாட்டு வால்.

"அண்ணே, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே?" என்று பாய் கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் நானா?

பெயர் பதிந்து கொடுக்கும் ஏஜெண்டின் இணையப் பக்கத்தில் விதிகள் சுருள் சுருளாக ஓடின. வியாபாரப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு தவிர வேறெதுவும் கூடாது. கோடு முதலிலும் வரக் கூடாது, கடைசியிலும் வரக் கூடாது. இடைவெளி அறவே கூடாது. முந்தி வந்தவருக்கே பெயர். ஒரு கோட்டிடம் இவ்வளவு கறாராக நடந்துகொள்கிற கூட்டத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. இந்தக் கறாரில் பாதியை எங்கள் தெருவில் வண்டி நிறுத்துகிறவர்களிடம் காட்டியிருந்தால் நாடு உருப்பட்டிருக்கும்.

ஏஜெண்டின் ஆபீசில் போன் எடுத்த தமிழ்ப் பெண் வாய் ஓயாமல் என்னை அங்கிள் என்றாள். நான் முதலில் கேட்டது 'ராஜா பிரியாணி'.

"ராஜாலாம் ஈசியா கிடைக்காது அங்கிள். அது ராயல் வேர்ட். லெட்டர் கேப்பாங்க."

"யாரோட லெட்டர்?"

"அரண்மனை லெட்டர்தான்."

பாயின் கோழிக்கு அரண்மனைச் சம்மதம் வாங்கும் செல்வாக்கு எனக்கு இல்லை. சரி, ஊர் வாயில் இருப்பதையே போடுவோம் என்று சம்பா பிரியாணிக்கு வந்தேன்.

"நடுவுல கோடு போட்டுக்கலாம் அங்கிள், இல்லன்னா சேத்து எழுதணும்."

கோடு போட்ட பெயர் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருக்கும் என்றேன். பெயர் கிடைக்காத ஏழைகள்தான் கோடு போடுவார்கள் என்றும் சொன்னதாக ஞாபகம்.

"அப்ப சரி. ஆனா இங்க எல்லாரும் பிரியாணிய மொத 'ஐ' போடாமத்தான் எழுதுவாங்க. அப்படியே அடிக்கவா?"

அங்கேதான் எனக்குள் தமிழ் விழித்துக்கொண்டது. 'பி' என்ற எழுத்தில் இகரம் இருக்கிறதம்மா, அதை விழுங்கிவிட்டு 'ப்ரியாணி' என்று எழுதினால் தமிழ் என்னாவது என்று ஒரு பாடமே நடத்தினேன். அந்தப் பெண் ஒரு பெருமூச்சு விட்டு, அந்த 'ஐ'யையும் சேர்த்தே அடித்தாள். சம்பாபிரியாணி, டாட் காம் டாட் மை. ஆபாசமான, அருவருப்பான சொற்கள் இல்லை என்று உறுதி கூறும் கட்டத்தில் நான் டிக் போட்டேன். கல்யாணப் பத்திரிகைக்காரனிடம் ஆபாசமா, என்று சிரிப்புக்கூட வந்தது.

பெயர் பதிந்த மகிழ்ச்சியில், என் செலவிலேயே பாயின் வேனின் இரு பக்கமும் முகவரியை ஒட்டிக் கொடுத்தேன். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, சிவப்பு நிறம், ஒரே நீட்டு. புதிய முகவரியிலிருந்து புவானுக்கு உணவுப் பட்டியலும் போய்விட்டது. ருசி பார்க்க ஒரு நாள் வரச் சொன்னார்.

அன்று கிள்ளானிலிருந்து பிரியாணிச் சட்டிகளோடு வந்த பாய், போகிற வழியில் என்னையும் கடை வாசலில் ஏற்றிக்கொண்டார். அடுத்த சிக்னலில் வேன் நின்றது. பக்கத்தில் சாப்பாடு டெலிவரி செய்யும் ஒரு மலாய்க்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, வேனின் விலாவைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாஸ், பாபி ரியானி புன் அடா கா?"

பச்சை விழுந்தது, அவர் போய்விட்டார். பாயும் நானும் போகவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மலாயில் பாபி என்றால் பன்றி. பன்றி ரியானியும் இருக்கா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர்.

பாய் வேனைத் திருப்பி என் கடை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கினார். ஒட்டியிருந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

"சம்... பாபி... ரியாணி."

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"அண்ணே, இந்த வண்டிய வெள்ளிக்கெழம பள்ளிவாசல் வாசல்ல நிப்பாட்டினேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா பாய்?"

"சொல்லல. எல்லாரும் சிரிப்ப அடக்கிக்கிட்டு, என்னைக்குமில்லாத மரியாதையோட சலாம் சொன்னாங்க. ஏன்னு இப்பதான் தெரியுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாய் சிரிக்கவில்லை. "அண்ணே, அந்தத் திண்டுக்கல் மனுசன் நேத்தே ரெண்டு சட்டை புதுசா வாங்கிட்டாரு. ஆர்டர் வந்துரும்னு" என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏஜெண்டின் ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"பதிஞ்ச பேர திருத்த முடியாது அங்கிள். வேணும்னா புதுசா ஒண்ணு பதியலாம்."

"அசிங்கமான வார்த்த இருக்கக் கூடாதுன்னு உங்க விதியிலயே இருக்கே. நீங்க பாக்கலையா?"

"அத நீங்கதானே அங்கிள் டிக் பண்ணீங்க? பேருக்குப் பொறுப்பு பதியறவங்கதான்."

"மிஷின் பாக்காதா?"

"மிஷின் கோடும் புள்ளியும்தான் பாக்கும். அர்த்தமெல்லாம் பாக்காது லா."

ராஜாவைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். கோடு ஓரத்தில் நின்றால் பிடித்துத் தள்ளுகிறார்கள். ஒரு முழுப் பன்றி வாலை ஆட்டிக்கொண்டு வாசல் வழியாகவே நடந்து போனால், வாங்க வாங்க என்று வழி விடுகிறார்கள். இந்த விதிகளை எழுதியவர்கள் என் கடையில் வேலைக்கு வந்தால் முதல் நாளே சேர்த்துக்கொள்வேன். என் தரத்துக்குச் சரியாக இருப்பார்கள்.

ஸ்டிக்கரை உரிக்கப் பார்த்தோம். உரியவே உரியாத ஸ்டிக்கர் என்று விளம்பரம் செய்து விற்றவன் நான். அது என் மானத்தைக் காப்பாற்றாமல் என் வாக்கைக் காப்பாற்றியது. கடைசியில், வாங்க ஆள் வராமல் கடையில் கிடந்த இரண்டு கல்யாண பேனர்களை எடுத்து வேனின் இரு பக்கமும் கட்டினேன். ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் ரோஜாப் பூக்களுக்கு நடுவில் இளித்துக்கொண்டிருக்க, பாயின் வேன் பங்சாருக்குள் நுழைந்தது.

புவான் வாசலிலேயே நின்றிருந்தார். "யாருக்குக் கல்யாணம்?" என்று மலாயில் கேட்டார்.

"என் அண்ணனுக்கு" என்று பாய் என்னைக் காட்டினார். புவான் என் தலையையும் பேனரில் இருந்த அடர்த்தியான முடியையும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்த்துகள் என்றார்.

கோழியையும் ஆட்டையும் ருசி பார்த்தார்கள். புவான் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். முடிவை மின்னஞ்சலில் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும்போது பாய் சொன்னார், "அவங்க மெயில் அட்ரஸ கவனிக்கலன்னு நெனைக்கிறேன் அண்ணே. அப்படியே விட்டுருங்க. புதுப் பேரு சத்தமில்லாம மாத்திக்கலாம்."

நல்ல யோசனை. நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் பிழையைக் கண்டால் சும்மா இருக்க முடியாத சாபம் எனக்கு. அன்று சாயங்காலமே உட்கார்ந்து மலாயில் நீளமாக ஒரு விளக்கம் எழுதினேன். சம்பா என்பது அரிசி. பிரியாணி என்பது அவர் சாப்பிட்டது. இடைவெளி விடக் கூடாது என்பது விதி. 'பி'யில் இகரம் என்பது தமிழ். எங்கள் சட்டிக்கும் அந்த மிருகத்துக்கும் தலைமுறை தலைமுறையாக எந்த உறவும் இல்லை. சந்தேகம் வரக் கூடாதே என்று அந்த மிருகத்தின் பெயரை நான்கைந்து இடத்தில் தெளிவாகவே எழுதினேன். வேறு முகவரி ஏற்கப்படாது என்பதால் அந்த முகவரியிலிருந்தே அனுப்பினேன்.

அனுப்பியதைக் கிள்ளானுக்கே போய்ப் பாய்க்கும் காட்டினேன். அவர் படித்துவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே திண்டுக்கல்காரர் அரிசி களைந்துகொண்டிருந்தார். என்னிடம் டீ வேணுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கடையில் நான் காசு கொடுத்து டீ குடித்தேன்.

மறுநாள் காலையில் புவானின் பதில் வந்தது. என் முழுப் பக்க விளக்கத்துக்குக் கீழே, மலாயில் ஒரே வரி.

"திங்கட்கிழமையிலிருந்து அனுப்புங்கள், கோழி மட்டும்."