எடை போட்டவன் ஓட்டிய லாரி

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம் இருந்த வே பிரிட்ஜில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். தரையோடு பதித்த இரும்பு மேடையில் லாரி ஏறி நிற்கும். பக்கத்து அறையில் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் நான் எடையைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். நெல், மணிலா என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை, ஜல்லி என்று எது வந்தாலும் எனக்கு அது திரையில் தெரியும் ஓர் எண்தான்.

அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் டிரைவரின் முழங்கை மட்டும் தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் கீழே இறங்கி வர வேண்டும். ஆள் உள்ளே இருந்தால் எடை சரியாக வராது என்பதால், "ஆஃப் பண்ணிட்டு எறங்கி வாங்க" என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பேன். சிலர் முணுமுணுத்துக்கொண்டு இறங்குவார்கள்.

அவர்களைப் பற்றி எனக்குள் நிறையக் கேள்விகள் இருந்தன. இறங்கியதும் எதற்காக ஒரு கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்க்கிறார்கள்? என்ஜினை அணைத்த பிறகும் சிலர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சற்று நேரம் உட்கார்ந்திருப்பது ஏன்? கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எனக்கு நாற்பத்தெட்டு வயதானபோது முதலாளி அந்த இடத்தைக் கல்யாண மண்டபம் கட்டுவதற்காக விற்றுவிட்டார். மண்டபம் எழும்பியதும் ஆபீசில் வந்து உட்காரச் சொன்னார் வாங்கியவர். மறுபடியும் ஒரு ஜன்னல். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிடும்போது மனைவியிடம், "லாரி ஓட்டலாம்னு பாக்குறேன்" என்றேன்.

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "யாரு லாரிய?"

"யாராவது வேலைக்கு வச்சிக்கிட்டா அவங்க லாரிய."

"கண்ணாடி போடாம ரேஷன் கார்டு படிக்க முடியல உங்களால."

"கிட்டத்துல இருக்கறதுதான் தெரியல. ரோடு தூரத்துல தான இருக்குது."

அவள் குழம்பை ஊற்றினாள். மறுநாள் காலையில், "மொதல்ல கண்ண டெஸ்ட் பண்ணிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். டெஸ்டில் தூரப் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

முதலாளியின் சரக்கு வேனை ஓட்டி எனக்குப் பழக்கம் உண்டு; அதற்கான லைசென்சும் இருந்தது. ஹெவி லைசென்சுக்குத்தான் புதிதாகப் படிக்க வேண்டும். திண்டிவனத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாரும் என்னைப் பயிற்சி கொடுக்க வந்தவர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். முதல் நாள் தெரிந்துகொண்ட விஷயம், லாரியில் டிரைவர் முன் சக்கரத்துக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பது. வளைவில் நம் உடம்பு ரோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது போல இருக்கும். அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். வேன் ஓட்டிய கை முந்திக்கொண்டு திருப்பும். பின் சக்கரம் மண்ணில் இறங்கும். இந்தப் பழக்கத்தை விடவே எனக்கு மூன்று வாரம் ஆனது. டெஸ்டில் முதல் முறை, ரிவர்ஸ் எடுத்தபோது கம்பத்தைத் தட்டிவிட்டேன். இரண்டாம் முறை தேறினேன்.

வே பிரிட்ஜுக்கு அடிக்கடி வந்துபோன ஒரு டிரைவர் இருந்தார். முப்பத்திரண்டு வயது, செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்து ஆள். அவருடைய ஓனருக்கு இரண்டாவது டிரைவர் தேவைப்பட்டது. என்னைப் பற்றிச் சொல்லிவிட்டது அவர்தான். "ஒரு ட்ரிப்பு என்கூட வாங்கண்ணே. சரிப்பட்டா பாக்கலாம், இல்லன்னா சொல்லிடுவேன். வருத்தப்படக் கூடாது" என்றார். சரி என்றேன்.

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் ஏற்றிய நெல்லைக் காங்கேயத்தில் ஒரு அரிசி ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். விடிந்ததும் கிளம்பினோம். கோட்டை மதிலை அறுத்துக்கொண்டு போகும் திருவண்ணாமலை ரோட்டில் நான் ஆயிரம் முறை பைக்கில் போயிருப்பேன். லாரியில் உட்கார்ந்து போனபோது மதிலின் மேல் முளைத்திருந்த புல்லும், அதில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு ஆடும் கண்ணுக்கு நேராகத் தெரிந்தன. அது எப்படி அங்கே ஏறியது என்று திரும்பிப் பார்த்தேன். "ரோட்டப் பாருங்க" என்றார் டிரைவர் தம்பி. ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். ஆனாலும் பக்கத்தில் இருப்பவனும் ரோட்டைத்தான் பார்க்க வேண்டுமாம்.

செங்கம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன். டயரைத் தட்டுவது சத்தத்துக்காக என்றார். காத்து சரியாக இருந்தால் கம்பி துள்ளும், குறைந்திருந்தால் சத்தம் அடங்கிப்போகும். ஜோடி டயரில் உள்பக்கத்து டயரைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் ஊத்தங்கரையில் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினார்.

"எவ்ளோ கேள்விண்ணே. இனிமே நீங்க ஓட்டுங்க. எனக்குக் கொஞ்சம் வாய் வலிக்குது."

அரூர் வரை நன்றாகவே ஓட்டினேன். அதைத் தாண்டி மஞ்சவாடி கணவாய். ஏற்றத்தில் வண்டி மூச்சு முட்டிக்கொண்டு மெதுவாக ஏறியது. பின்னால் இருக்கும் நெல் என் முதுகைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பதுபோல இருந்தது. இத்தனை வருடம் திரையில் பார்த்த எண் இதுதானா என்று நினைத்துக்கொண்டேன். உச்சியைத் தாண்டியதும் வண்டி லேசானது. அந்தச் சுகத்தில் கியரை மேலே ஏற்றிவிட்டேன்.

ஏற்றத்தில் இழுத்த அதே பாரம் இறக்கத்தில் தள்ளியது. பிரேக்கை மிதித்தேன், விடாமல் மிதித்தபடியே இருந்தேன். இரண்டு வளைவு தாண்டியபோது ரப்பரும் இரும்பும் சேர்ந்து தீய்ந்த வாசனை வந்தது.

தம்பி சத்தம் போடவில்லை. "பிரேக்க விட்டு விட்டு மிதிங்க. வேகம் கொறயட்டும். இப்ப கியர எறக்குங்க. இன்னும் ஒண்ணு. அங்க எடம் இருக்குது, ஓரங்கட்டுங்க."

நிறுத்தினேன். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். கை தானாக விடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிரைவர்கள் ஏன் அப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் யாரிடமும் கேட்கத் தேவையில்லாமல் போனது.

பின் சக்கரத்தின் அருகே புகை மெல்ல வந்துகொண்டிருந்தது. தண்ணீர் கேனை எடுத்தேன். தம்பி வாங்கிக் கீழே வைத்தார். "சூட்டுல ஊத்துனா பிரேக் ட்ரம் விரிசல் விட்டுடும். தானா ஆறணும். ஏறும்போது இன்னா கியர்ல வந்தீங்களோ, எறங்கும்போதும் அதுலயே வாங்க. வண்டிய என்ஜினு புடிச்சிக்கும்."

"எனக்குச் சரிப்படாதுன்னு சொல்லப் போறியா தம்பி?"

"வாசனை வந்தப்ப இன்னா பண்ணீங்க?"

"பயந்தேன்."

"பயப்படாதவன்கூட வண்டில ஒக்கார மாட்டேன் நானு" என்றார். ட்ரம் ஆறியதும் மீதி இறக்கத்தையும் என்னையே ஓட்ட வைத்தார்.

காங்கேயம் ஆலையில் எடை மேடை இருந்தது. ஏற்றி நிறுத்தினேன். ஜன்னலுக்குள் இருந்த ஆள் தலையைத் தூக்காமல், "எறங்கி வாங்க" என்றார். படியில் கால் வைத்தபோது முட்டி மடங்க மறுத்தது. இடுப்பு நிமிர ஒரு நிமிடம் ஆனது. இப்படிப்பட்ட முட்டிகளைத்தான் பத்தொன்பது வருடம் இறங்கச் சொல்லியிருக்கிறேன். நொண்டிக்கொண்டு போய்ச் சீட்டை வாங்கும்போது, "தம்பி, எறங்கி வர்றவங்க ஒக்கார கொஞ்சம் தள்ளி ஒரு ஸ்டூல் போட்டு வச்சா நல்லா இருக்கும்" என்றேன். யார் இந்த ஆள் என்பதுபோல அவர் நிமிர்ந்து பார்த்தார்.

வேலை கிடைத்தது. இப்போது இரண்டாவது வருடம் நடக்கிறது. டயரின் சத்தத்தில் காத்து கொஞ்சமா நிறையவா என்று சொல்ல வருகிறது. ரிவர்சில் மட்டும் இன்னும் யாராவது பின்னால் நின்று கைகாட்ட வேண்டும்.

போன மாதம் ஒரு காலையில், வல்லத்தில் மணிலா ஏற்றப் போகும்போது மனைவி தானும் வருவதாகச் சொன்னாள். கேபின் படி உயரம். புடவையைச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்து ஏறினாள். முதல் திருப்பம் தாண்டும்வரை கதவுக் கைப்பிடியை விடவில்லை. பிறகு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். காம்பவுண்டுச் சுவர்களுக்கு உள்ளே எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. யார் வீட்டில் முருங்கை காய்த்திருக்கிறது, யார் மொட்டைமாடியில் மிளகாய் காய்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வயல்கள் வந்ததும் டேஷ்போர்டைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தச் செவப்பு பட்டன் எதுக்கு?" என்றாள்.

சொன்னேன்.

"அதுக்குப் பக்கத்துல இருக்கறது?"

அதற்கும் பதில் சொல்லிக்கொண்டே கியரைக் குறைத்து வல்லம் திருப்பத்தில் வண்டியைத் திருப்பினேன்.