மெலேசியோ சொன்ன தேதி

எங்கள் சான் செல்சோவில் மெலேசியோ கதால்பாஸ் நான்கு அரசாங்கங்களுக்குத் தண்டோரா போட்டவர். ஸ்பெயின்காரர்கள் காலத்தில் ஆரம்பித்தார். அவர்கள் போனதும் புரட்சிக்காரர்கள் வந்தார்கள். பதினான்கு மாதம் இருந்தார்கள். பிறகு அமெரிக்க ராணுவம். பிறகு அதே அமெரிக்கர்கள், கோட்டும் டையுமாக. ஒவ்வொரு அரசாங்கமும் முதல் வேலையாக, போன அரசாங்கத்தின் உத்தரவுகள் இனிச் செல்லாது என்று ஓர் உத்தரவு போடும். மெலேசியோ அதை மூன்று முறை அறிவித்திருக்கிறார், ஒரே டமாரத்தோடு, ஒரே குரலில். அவர் தெருவில் இறங்கினாலே மீன் விற்கும் பெண்கள் கேட்பார்கள்:

"என்ன மெலேசியோ, இன்னிக்கு யாரு நம்மள ஆளுறா?"

"இன்னும் காகிதத்தப் பிரிக்கல" என்பார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஊர் அலுவலகத்தில் குமாஸ்தா. தலைநகரான மணிலாவிலிருந்து வரும் உத்தரவை ஸ்பானிய மொழியில் படித்து எங்கள் மொழியில் அவருக்குச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு தடவை கேட்பார். அப்புறம் வெளியே போய், உத்தரவின் எண்ணிலிருந்து கடைசி வரி வரை ஒப்பிப்பார். காலராவுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும்; பிணத்தை மாதா கோயில் வளாகத்தில் புதைக்கக் கூடாது; பன்றிகளைப் பட்டியில் அடைக்க வேண்டும். பன்றி உத்தரவை அவர் அறிவித்த மூன்று நாளும் அவருடைய பன்றி அவர் பின்னாலேயே தெருத் தெருவாக வந்தது.

"முதல்ல அதுக்குச் சொல்லு!" என்று யாரோ கத்தினார்கள்.

"அதுக்கும் சேத்துத்தான் சொல்றேன். கேட்டுக்கிட்டுத்தான வருது" என்றார் மெலேசியோ. முகத்தில் சிரிப்பே இல்லை.

அமெரிக்கர்களோடு நடந்த சண்டை முடிந்துவிட்டது என்று மணிலா அறிவித்துக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதையும் மெலேசியோதான் தண்டோரா போட்டார். ஆனால் எங்கள் ஊர் ஆட்கள் பன்னிரண்டு பேர் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. அவர்களில் ஒருவன் கிறிஸ்புலோ, மெலேசியோவின் மனைவி பாசியாவுக்குத் தம்பி. புரட்சிக்காரர்கள் கொடுத்த துப்பாக்கியோடு போனவன். போனபோது அவன் போர்வீரன். அங்கேயே இருக்க இருக்க, காகிதங்களில் அவனுடைய பெயர் மாறிக்கொண்டே வந்தது: முதலில் கிளர்ச்சிக்காரன், பிறகு சட்ட விரோதி, கடைசியில் கொள்ளைக்காரன். அவன் அப்படி எதையும் கொள்ளையடித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை எங்கள் மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு போனான். அது பாசியாவுக்குத் தெரியும். அவளே இடத்தைச் சொல்லி அனுப்பியதாகத்தான் பேச்சு.

1903ஆம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று, பாய்மரப் படகில் ஒரு காகிதக் கட்டு வந்தது. அதில் இருந்த உத்தரவு இதுதான்: ஆயுதத்தோடு மலையில் இருப்பவர்கள் மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்குள் தங்கள் ஊர் அலுவலகத்தில் ஆயுதத்தை ஒப்படைத்தால் வழக்குக் கிடையாது. அதற்குப் பிறகு பிடிபட்டால் கொள்ளைக்காரர்களாகவே விசாரிக்கப்படுவார்கள். தூக்கு வரை போகலாம். உத்தரவை ஒவ்வோர் ஊரிலும் தொடர்ந்து மூன்று நாள் அறிவிக்க வேண்டும்.

அன்று ஏப்ரல் ஒன்பது.

யாரையும் குறை சொல்ல முடியாது. மணிலாவிலிருந்து வந்த கப்பலின் கொதிகலன் பழுதாகி, காகிதக் கட்டை வேறு தீவில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து எங்கள் கரைக்குக் காற்று சாதகமாக இல்லை. நான் காகிதத்தை ஊர்த்தலைவர் தோன் கிந்தினிடம் கொண்டுபோனேன். கரும்புத் தோட்டக்காரர், எந்த அரசாங்கத்தோடும் வம்பு வைத்துக்கொள்ளாதவர்.

"தேதி போயிருச்சே, தலைவரே" என்றேன்.

"தேதி போனா அறிவிக்க வேண்டாம்னு அதுல எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப அறிவி."

ஆனால் பெரிய வியாழனும் வெள்ளியும் கோயில் மணியே அடிக்காத நாட்கள். டமாரத்துக்குப் பாதிரியார் விடமாட்டார். சனிக்கிழமை மணி ஒலித்த பிறகுதான் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை மெலேசியோவை உட்காரவைத்துப் படித்துச் சொன்னேன். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தேதி வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"எந்த மாசம் தம்பி?"

"மார்சோ. மார்சோ முப்பத்தொண்ணு."

"சரி" என்று மறுபடி மூடிக்கொண்டார்.

மாதப் பெயர்களை நாங்கள் ஸ்பானிய மொழியில்தான் சொல்வோம். மார்ச்சுக்கு மார்சோ, ஏப்ரலுக்கு அப்ரில், மே மாதத்துக்கு மாயோ.

சனிக்கிழமை சந்தையில் கூட்டம். மலையடிவாரத்து ஆட்கள் உப்பு வாங்க வந்திருந்தார்கள். மெலேசியோ மூன்று முறை டமாரத்தை அடித்தார். உத்தரவின் எண், போட்டவரின் பதவி, காரணம் எல்லாம் ஒரு சொல் பிசகாமல் வந்தன. பிறகு, "மாயோ மாசம் முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள" என்றார்.

படித்துச் சொன்னவன் நான். தப்பு என்று வந்தால் முதல் கேள்வி எனக்குத்தான். எனக்குப் பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். திரும்பி தோன் கிந்தினைப் பார்த்தேன். வாசற்படியில் நின்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தவர், மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு இவன் தொண்டை நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் நான் மெலேசியோவை மறித்தேன்.

"அண்ணே, நான் மார்சோன்னுதான சொன்னேன்?"

"ஆமா."

"நீங்க மாயோன்னு சொன்னீங்க."

"ஆமா."

"இது என் தலையிலதான் விடியும்."

"உன் தலை பக்கம் வராது தம்பி. நான் பாத்துக்கறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமையும் அதே தேதியைச் சொன்னார். நான் அலுவலகத்துக்குள் உட்கார்ந்து பிறப்பு இறப்புப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் யாரும் வரவில்லை. மே பாதி வரையில் யாரும் வரவில்லை. பாசியா தினமும் புருஷனைப் பிடித்துத் திட்டினாள்.

"உங்க டமாரம் பக்கத்துத் தெருவுக்கே கேக்காது. மலைக்கா கேக்கப்போகுது?"

"மலைக்குக் கேட்டுருச்சு. உன் தம்பிக்குத்தான் யோசிக்க நேரமாகுது. உங்க குடும்பமே அப்படித்தான்."

மே முப்பதாம் தேதி, மாதாவுக்குப் பூ எடுத்துப் போகும் ஊர்வலம் தெற்குத் தெருவில் திரும்பியபோது, எதிரே பதினோரு பேர் வந்தார்கள். ஏழு துப்பாக்கி. மற்றவர்கள் கையில் துருப்பிடித்த வெட்டுக்கத்தி. கிறிஸ்புலோ காலில் புண்ணோடு நொண்டிக்கொண்டு வந்தான். ஊர்வலம் நின்றது. பூக்கூடையோடு இருந்த சிறுமிகள் வழிவிட்டார்கள். அவர்கள் நேரே அலுவலகத்துக்கு வந்து துப்பாக்கிகளை என் மேசைமேல் வைத்தார்கள். மேசை சின்னது, இரண்டு துப்பாக்கியைத் தரையில் வைக்க வேண்டியிருந்தது.

பாசியா ஓடி வந்தாள். தம்பியைக் கட்டிப்பிடிப்பாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

"மூணு வருஷம்டா! சட்டை எங்கடா?"

"இதுதான் சட்டை, அக்கா."

மூன்றாம் நாள், மாகாணத் தலைநகரிலிருந்து அமெரிக்க அதிகாரி லெப்டினன்ட் வீலக் குதிரையில் வந்தார். இளம் வயது, வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. ஸ்பானிய மொழி தெரியும். வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டதால் பதினோரு பேரும் பிடிபட்ட கொள்ளைக்காரர்கள் என்றார். தாமாகவே நடந்து வந்தவர்கள் எப்படிப் பிடிபட்டவர்கள் ஆவார்கள் என்று தோன் கிந்தின் பணிவாகக் கேட்டார். "யார் இவர்களுக்கு மே மாதம் என்று சொன்னது?" என்றார் வீலக்.

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அதற்குள் கதவருகே நின்ற மெலேசியோ முன்னால் வந்தார். வீலக் கேட்பதை நான் அவருக்கும், அவர் சொல்வதை வீலக்குக்கும் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"நான்தான் சொன்னேன் ஐயா."

"உனக்குத் தப்பாகப் படித்துச் சொன்னார்களா?"

"இல்ல. குமாஸ்தா சரியாத்தான் சொன்னாரு. மார்சோன்னு ரெண்டு தடவ சொன்னாரு."

"பிறகு ஏன் மாற்றினாய்?"

"காகிதம் அப்ரில்ல வந்துச்சு ஐயா. அப்ரில் மாசத்துல நின்னுக்கிட்டு, மார்சோ மாசத்துக்குள்ள இறங்கி வாங்கடான்னா எப்படி வருவாங்க? அவ்வளவு வேகமா எங்க ஊர்ல யாருக்கும் நடக்கத் தெரியாது."

கடைசி வாக்கியத்தையும் நான் அப்படியே மொழிபெயர்த்தேன். வீலக் சிரிக்கவில்லை. மெலேசியோவும் சிரிக்கவில்லை. வீலக் கொஞ்ச நேரம் தரையில் இருந்த இரண்டு துப்பாக்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குண்டுகூடச் சுடாமல் ஏழு துப்பாக்கி. மாகாணத்தில் வேறு எந்த ஊரிலும் அந்த வருஷம் ஒன்றுகூட வரவில்லை. பிறகு என்னிடம் காகிதம் கேட்டு வாங்கி, மணிலாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். உத்தரவு தாமதமாகக் கிடைத்ததால் கெடு மே முப்பத்தொன்று என இந்த ஊரில் புரிந்துகொள்ளப்பட்டது என்று எழுதியிருந்தார். யார் புரிந்துகொண்டது என்று எழுதவில்லை. ஆனால் கூடவே ஒரு தனித்தாளில் மெலேசியோவின் பெயரையும் எழுதி வைத்தார்.

பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை பதினோரு பேரையும் பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்தோம். பிள்ளைகளுக்கு விடுமுறை. பெண்டாட்டிகள் மூன்று வேளையும் சோறும் கருவாடும் கொண்டுவந்தார்கள். மெலேசியோ சாயங்காலம் அங்கே போய் ஜன்னலுக்கு வெளியே உட்காருவார். தூக்கு என்று பதில் வந்தால் அதையும் அவர்தான் அறிவிக்க வேண்டும். அந்த ஏழு வாரத்தில் அவர் இளைத்ததை ஊரே பார்த்தது.

ஜூலைக் கடைசியில் ஒரே உறையில் இரண்டு காகிதம் வந்தன. முதலாவது, ஒரு புதிய உத்தரவு: முந்தைய உத்தரவில் மார்ச் என்பதை எங்கள் மாகாணத்துக்கு மட்டும் மே என்று படிக்க வேண்டும். பதினோரு பேருக்கும் விடுதலை. இரண்டாவது: அரசு உத்தரவின் வாசகத்தை மாற்றிய மெலேசியோ கதால்பாஸ் பணியிலிருந்து நீக்கப்படுகிறார், இனி எந்த அரசுப் பணிக்கும் தகுதியற்றவர். இரண்டையும் மூன்று நாள் அறிவிக்க வேண்டும்.

ஊரில் வேறு தண்டோராக்காரர் கிடையாது. மெலேசியோவே அறிவித்தார். முதல் காகிதத்துக்குச் சந்தையே கூச்சல் போட்டது. அது அடங்கும்வரை காத்திருந்து, அதே குரலில் இரண்டாவதையும் சொன்னார், தன் முழுப் பெயரையும் சேர்த்து. மீன்காரி ஒருத்தி கேட்டாள்:

"இப்ப உன்னய நீக்கியாச்சுல்ல? அப்ப நாளைக்கு யாரு வந்து சொல்லுவா?"

"நாளைக்கும் நான்தான். மூணு நாள் சொன்னாத்தான் நீக்கினதா அர்த்தம்."

அதன்பிறகு அவர் கள் இறக்கப் போனார்.

மலைக்குப் போனவர்கள் பன்னிரண்டு பேர் என்று சொன்னேன். வந்தவர்கள் பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆள் நெமேசியோ, விதவை எஸ்தானிஸ்லாவாவின் ஒரே மகன். மே இருபதாம் தேதி மலையில் காய்ச்சலில் இறந்துபோனான். கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கிறதே, மழை விட்டதும் இறங்கலாம் என்று காத்திருந்தார்களாம். விடுதலை ஆன வாரத்தில் எஸ்தானிஸ்லாவா மெலேசியோவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நானும் அங்கே இருந்தேன்.

"தேதிய நீயா வச்சதுதான? அப்ரில் முப்பதுன்னு வச்சிருக்கக் கூடாதா? என் புள்ள அப்ரில்ல நல்லாத்தான இருந்தான்."

மெலேசியோ எழுந்து நின்றார். "தப்புதான் அக்கா" என்றார். அவள் போன பிறகு நான் கேட்டேன், ஏன் ஏப்ரல் வைக்கவில்லை என்று.

"மூணு வாரத்துக்குள்ள வான்னு அவசரப்படுத்தினா, பொறி வச்சிருக்காங்கன்னு நெனச்சிருப்பானுங்க. ஒருத்தனும் வந்திருக்க மாட்டான்" என்றார். பிறகு, "அத அவங்ககிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார்.

எஸ்தானிஸ்லாவாவுக்கு ஒன்பது தென்னை இருந்தது. மகன் ஏறிக் கள் இறக்கிய மரங்கள். மெலேசியோ தினமும் காலையில் போய் அவற்றில் ஏறி, கள்ளை இறக்கி, மூங்கில் குழாயோடு அவள் வாசலில் வைத்துவிட்டு வருவார். அவள் அதை விற்றுக்கொள்வாள். இரண்டு வருஷம் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள், அவர் மரத்தடியில் நின்று கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கெணத்தோர மரம் சாஞ்சு கெடக்கு. அதுல ஏறாத."

மெலேசியோ அந்த மரத்தை விட்டுவிட்டு மற்ற எட்டிலும் ஏறினார்.