நம்ம பாடு

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர் என்று நாங்கள் சொல்லும் டச்சுக்காரரின் கொடி பறந்த காலம். ஏரிக்கு மேற்கே ஆண்ட பாளையக்காரருக்கு அவர்களைக் கிளப்பிவிட வேண்டும். எதிர்த்து நிற்கப் பீரங்கி கிடையாது. அதனால் சண்டை வரவில்லை. மீன்பிடிக்க அவருடைய ஆட்கள் வந்தார்கள்.

எங்கள் ஊரில் குடும்பங்கள் முறைவைத்து வலை போடும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். "யாரு பாடு?" என்று தோணிக்குத் தோணி கேட்போம். "எங்க பாடு" என்று பதில் வரும். புதிய தோணிகளில் இருந்தவர்களோ சிரித்த முகத்தோடு, "நம்ம பாடு" என்றார்கள். எங்களைப்போலவே கோவணம், எங்களைப்போலவே வலை. வலையில் மீன் விழுந்ததா என்று அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர்கள் தலைக்குமேல் மீன் கொத்த வரும் ஆலாப் பறவைகள் பறக்கவில்லை. காற்று செத்த உச்சிப்பொழுதில் அந்தச் சொல் மட்டும் நீர்மேல் வழுக்கிவந்து காதில் ஏறும். முடி நரைக்கத் தொடங்கிய இந்த வயதிலும் எவராவது 'நம்ம' என்றால் என்னால் உட்கார முடிவதில்லை.

பிறகு, சரக்குப் படகுகள் போகும் தடத்தில் அவர்கள் நட்ட வலைக்கழிகள் முளைத்தன. யார் கேட்டாலும் "மீனுக்குத்தான்" என்றார்கள். கோட்டைப் படகொன்று கழியில் ஏறி அடி கிழிந்தது. பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த என் அண்ணனைக் கோட்டை ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் கோட்டைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி என்னைக் கரையில் நிறுத்தி, ஏரியில் நின்ற தோணிகளைக் காட்டினார்.

"இதுல உங்க ஊர்க்காரன் எவன், வந்தவன் எவன்? கை காட்டு. உங்க அண்ணன் ஊட்டுக்கு வந்துடுவான்."

கையைத் தூக்கினேன். புதிய தோணி ஒன்றில் அந்நியர் இருவர். அவர்களுக்கு நடுவில், துடுப்போடு, எங்களைப் பெற்ற நைனா. மிரட்டிக் கொண்டுபோனார்களா, தானாகப் போனாரா, இன்றும் தெரியாது. அவர் முகத்திலும் அதே சிரிப்பு.

"இன்னா, கை மரத்துப் போச்சா?"

"எல்லாம் நம்ம ஆளுங்கதாங்க."

துபாஷி என்னையே பார்த்தார். "நம்மன்னா? என்னையும் சேத்துகினியா?"

அந்த 'நம்ம' என் வாயிலிருந்துதான் வந்தது. குரல் என்னுடையதாக இல்லை.

"சரி. எல்லாம் உங்க ஆளுன்னா, கழியும் உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அண்ணனை அடிமையாகக் கிழக்கே போகும் கப்பலுக்கு அனுப்பினார்கள். அவனை ஏற்றிய படகு முகத்துவாரத்தை நோக்கிப் போனபோது கரையோடு ஓடினேன். எங்காவது கழியில் முட்டி நிற்கும், நின்றால் குதித்துவிடுவான் என்று நினைத்தேன். தடத்தில் ஒரு கழிகூட இல்லை. யார் பிடுங்கினார்கள், எப்போது பிடுங்கினார்கள், ஒருவரும் பார்க்கவில்லை. படகு எங்கும் தட்டாமல் கடலுக்குள் போனது.