பெயர் சொல்லாமல் எழுதிய ஜெபக் குறிப்பு

டக், டக், டக் என்று மூன்று தட்டு. பிறகு அமைதி. மறுபடியும் மூன்று தட்டு. கம்ப்யூட்டரில் சொருகிய என் ஹார்ட் டிஸ்க் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் ஒன்றுமே வரவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அன்பான சகோதர சகோதரிகளே, என் பெருமையைச் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், முதலில் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் எட்வின். குடியிருப்பது திருவொற்றியூர். எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேமராக்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன வருடம் சித்திரை வெயிலில் அந்த யார்டில் சேகர் என்ற தொழிலாளி செத்துப்போனார். எம்.கே.பி. நகர்க்காரர். ரசாயனம் ஏற்றி வந்த டேங்கைக் கழுவ உள்ளே இறங்கினார். உள்ளே தங்கியிருந்த வாயு அவரைத் திரும்ப ஏறவிடவில்லை. இறங்கச் சொன்னது சூப்பர்வைசர். மாஸ்க் கொடுக்கவில்லை, இடுப்பில் கயிறும் கட்டவில்லை. மறுநாள் யார்டில் வேறு கதை சொன்னார்கள். சேகருக்கு அன்றைக்கு வேலையே இல்லையாம். பித்தளை வால்வைத் திருட உள்ளே புகுந்தானாம்.

கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. மேனேஜர் அழிக்கச் சொன்னார். அழித்தேன். அதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து என் சொந்த டிஸ்க்கில் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. துணியில் சுற்றி, வீட்டில் தகரக் கூரைக்கு அடியில் பரண்மேல் வைத்தேன். எட்டு மாதம் அங்கேயே கிடந்தது. வேலை போய்விடும் என்ற பயம். அந்த எட்டு மாதமும் ஞாயிறு தவறாமல் சபைக்கு வந்தேன், கைதட்டிப் பாடினேன். வெட்கமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சேகரின் மனைவி தேவி யார்டு வாசலுக்கு வந்தார். முன்பும் பல தடவை வந்திருக்கிறார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நழுவிவிடுவேன். அன்றைக்கு வாசல் கேமரா பழுது. ஏணிமேல் நின்றதால் நழுவ முடியவில்லை. செக்யூரிட்டி அவரை விரட்டினார். அந்தம்மா சத்தம்கூடப் போடவில்லை.

"திருட வர்றவன் சோத்து டப்பா எடுத்துகினு வருவானாண்ணே? அந்த டப்பாவையாச்சும் குடுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே பரணிலிருந்து டிஸ்க்கை எடுத்துச் சொருகினேன். கேட்டது அந்தத் தட்டும் சத்தம்தான். எட்டு மாதச் சூடும் உப்புக்காற்றும் அதன் கதையை முடித்திருந்தன.

பிறகு நான் செய்தது வடிகட்டின முட்டாள்தனம். என் மனைவியின் தம்பி காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான். குடும்பப் போட்டோ இருக்கிற டிஸ்க் என்று அவனிடம் பொய் சொன்னேன். குளிரில் வைத்தால் ஓடும், போனில் பார்த்திருக்கிறேன் மாமா என்றான். பாலிதீன் கவரில் போட்டு மீன் பெட்டி ஐஸுக்குள் புதைத்தோம். கவரில் ஓட்டை இருந்தது. எடுத்தபோது தட்டுகிற சத்தமும் நின்றுபோயிருந்தது.

கல்மண்டபத்தில் டிஸ்க் பழுது பார்க்கிற நசீர் பாயிடம் கொண்டுபோனேன். அவர் முகர்ந்து பார்த்தார். "ஐஸ்ல வெக்க இது இன்னா வஞ்சிரமா நைனா?" என்றார். தண்ணீர் பட்டு அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது, உள்ளே பதிவு இருக்கும் வட்டத் தகடு பிழைத்திருக்கலாம், அதே நம்பர் போட்ட போர்டு கிடைத்தால் முயற்சி செய்யலாம் என்று விளக்கினார். பழைய மாடல். ரிச்சி தெருவில் அவரும் தேடினார், நானும் தேடினேன். எங்கும் இல்லை. தொழிலாளர் அலுவலகத்தில் தேவி கொடுத்த புகாருக்குக் கடைசி விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கையில் ஒரு சாட்சியமும் இல்லை.

நம் சபையில் ஜெபக் குறிப்பைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம் அல்லவா? நானும் போட்டேன். "பெயர் சொல்ல விரும்பாத சகோதரர், ஒரு விசேஷ காரியத்துக்காக." ஐந்து வாரம் போட்டேன். பாஸ்டர் வாசித்தார், நீங்கள் எல்லோரும் எனக்காகக் கண்ணீரோடு ஜெபித்தீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே முடிவு கட்டினேன்.

ஆறாவது வாரம் உபவாச ஜெபம். முழங்காலில் இருந்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை, தரிசனமும் இல்லை. ஒரு கேள்விதான் நெஞ்சைக் குடைந்தது. ஆண்டவருக்குத் தெரியாததா? அப்படியானால் யாருக்குப் பயந்து பெயரை மறைக்கிறாய்? எழுந்து நின்றேன். சேகர் பெயரைச் சொன்னேன். டேங்கைச் சொன்னேன், டிஸ்க்கைச் சொன்னேன், எட்டு மாதத்தையும் சொன்னேன்.

எனக்கு மூன்று வரிசை பின்னாலிருந்து மெர்சி அக்கா எழுந்தார். தேரடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

"அது இன்னா கம்பெனி டிஸ்க்கு தம்பி? என் கடைல பழசு ஒண்ணு சும்மாதான் கீது" என்றார்.

அதே கம்பெனி. வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நசீர் பாய் திருப்பிப் பார்த்தார், போர்டில் அதே நம்பர். ஐந்து வாரமும் என்னுடைய 'விசேஷ காரியத்துக்காக' அழுது ஜெபித்தவர்களில் மெர்சி அக்காவும் ஒருவர். என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லையே.

நசீர் பாய் போர்டை மாற்றினார். அவருக்கு நோன்பு நாட்கள். கொஞ்சம் ஓடவிடுவார், நிறுத்தி ஆறவிடுவார், மறுபடி ஓடவிடுவார். ஒன்பது நாள் ஆனது. பெரும்பகுதி போய்விட்டது. அன்றைய பதிவில் பதினோரு நிமிடம் மட்டும் கிடைத்தது. சூப்பர்வைசர் டேங்க் வாயைக் கைகாட்டுகிறார். சேகர் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு இறங்குகிறார். அதுவே போதும். நசீர் பாய் திரையை அணைத்துவிட்டார்.

மறுநாள் எம்.கே.பி. நகருக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், தேவி என்னைக் கையெடுத்துக் கும்பிடுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் வீடியோ முழுவதையும் பார்த்தார்.

"இத்தினி மாசமா இது உன் வூட்லயா இருந்துச்சு?"

ஆமாம் என்றேன்.

"எம் பொண்ண இஸ்கூல்ல திருடன் பொண்ணுன்னு சொன்னாங்களே, அன்னிக்கும் உன் வூட்லதான் இருந்துச்சா?"

அதற்கும் ஆமாம் என்றேன். நகலை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். இன்றுவரை அவர் என்னிடம் பேசவில்லை.

விசாரணையில் வீடியோவைக் கொடுத்தேன், வாயாலும் சொன்னேன். சேகர் வேலையில் இருக்கும்போது இறந்தார் என்று எழுதினார்கள். அன்றைக்கே என் வேலை போனது. இப்போது சின்னக் கடைகளுக்குக் கேமரா மாட்டிப் பிழைக்கிறேன். குறைவு இல்லை. படுத்தால் தூக்கம் வருகிறது. என் ஜெபத்தைக் கேட்ட தேவனுக்கு நன்றி சொல்லி முடியாது.

பிரியமானவர்களே, உங்கள் பரண்மேலும் ஏதாவது இருந்தால் அவரை நம்பி இறக்குங்கள். பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர் பதில் கொடுக்கிறவர், அதற்கு நான் சாட்சி. ஆனால் தள்ளிப்போடாதீர்கள். நான் வாய் மூடியிருந்த ஒவ்வொரு நாளும் அந்தப் பெண்பிள்ளை திருடன் மகளாகத்தான் பள்ளிக்கூடம் போனாள்.