எங்கிருந்தோ வந்த நாலு

இத்தாலியின் காசெர்த்தா நகரில் முப்பது வருடமாக முடி திருத்துகிறவள் அசுந்தா. ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்த கையோடு தொடங்கும் போக்கர் சீட்டாட்டத்தில் அவளை ஜெயித்தவர் குடும்பத்தில் கிடையாது.

இன்று முதன்முறையாகக் கைபேசியில், முகம் தெரியாத ஒருவனோடு ஆடினாள். கவிழ்த்த சீட்டு ஒன்று, விரித்த சீட்டு நான்கு, அதே ஆட்டம்தான். அவளுக்கு ஐந்துமே ஹார்ட்டின். எதிராளி விரித்திருந்தவை இரண்டு ஒன்பது, இரண்டு நாலு. அவன் கையிருப்பு முழுவதையும் கட்டிவிட்டான். அசுந்தா விரலைத் திரைக்குக் கொண்டுபோனாள்.

"அவசரப்படாத," என்றான் கணவன் கார்மினே.

"சும்மா இரு! ஒரே எண்ணுல மூணும் இன்னொண்ணுல ரெண்டும் சேர்ந்தாக்கூட என் அஞ்சு ஹார்ட்டின்கிட்ட நிக்குமா?"

தன்னிடமிருந்த எல்லாவற்றையும் கட்டினாள்.

கார்மினே கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். "ஏண்டி, நாம ரெண்டுலேருந்து ஆறு வரைக்கும் சீட்டையெல்லாம் ஒதுக்கிட்டுத்தானே ஆடுவோம்? இவனுக்கு நாலு எங்கேருந்து வந்துச்சு?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது ஐம்பத்திரண்டு சீட்டும் உள்ள முழுக் கட்டு. முழுக் கட்டில், வீட்டு ஆட்டத்துக்கு நேர்மாறாக, ஒரே இனத்துச் சீட்டு ஐந்தைவிட மூன்றும் இரண்டும்தான் பெரிது.

திரையில் எதிராளியின் கவிழ்ந்த சீட்டு மெல்லத் திரும்பியது.

இன்னொரு நாலு.