இறங்காத சிவப்புப் பொத்தான்

கப்பல் புதன்கிழமை கிளம்பும் என்று போர்ட் பிளேரின் ஹேடோ ஜெட்டியில் எழுதிப் போட்டிருந்தார்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, டேப் ரிக்கார்டரின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அது இறங்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். அவருடைய கட்டைவிரல் நகம்தான் வெளுத்தது. நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். முந்தைய நாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் பெட்டியை இறக்கி வைத்து விளையாடியவள் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எழுபதுகளின் நடுப்பகுதி. ஜங்லிகாட்டில், மேட்டின் மேல் தகரக் கூரை வீடு. அப்பா சாத்தம் மரமில்லில் வேலை பார்த்தார். கப்பலில் வேலை செய்த சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து இரண்டு டேப் ரிக்கார்டர்கள் வாங்கி வந்து, ஒன்றை எங்களுக்கும் இன்னொன்றை பரமக்குடிப் பக்கம் இருந்த அம்மாவின் பிறந்த வீட்டுக்கும் கொடுத்திருந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த நேரத்தில் அப்பா மில்லில் இருந்தார். அதனால் எந்தப் பொத்தான் எதற்கு என்பதையெல்லாம் சித்தப்பா அம்மாவிடம்தான் விளக்கினார். படம் போட்ட ஒரு சின்னப் புத்தகத்தையும் அம்மாவிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு பெட்டிகளுக்கும் சேர்த்து கேசட் ஒன்றே ஒன்று. அது கப்பலில் போகும், வரும். தெரிந்தவர் யாராவது மெயின்லேண்டுக்குக் கிளம்பினால் அவர் பையில் ஏறிக்கொள்ளும். நாங்கள் இங்கே பேசி அனுப்புவோம். அங்கே கேட்டுவிட்டு, அதன் மேலேயே பேசித் திருப்பி அனுப்புவார்கள். அதைக் கேட்டுவிட்டு அதன் மேலேயே நாங்கள் பேசுவோம். போர்ட் பிளேரில் வெறும் கேசட் கிடைக்காது. ஊரில் இன்னொன்று வாங்கச் சொல்லலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. சிலேட்டு நிரம்பிவிட்டால் துடைத்துவிட்டு எழுத வேண்டியதுதான் என்பது அப்பாவின் கட்சி. தாத்தாவுக்குக் கண்ணில் பூ விழுந்து கடிதம் படிக்க முடியாமல் போனதிலிருந்து, எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது அந்தச் சிலேட்டு ஒன்றுதான்.

அந்த முறை வந்த கேசட்டில் இரண்டு பக்கமும் தாத்தாவே பேசியிருந்தார். மாடு கன்று போட்டது, கண்மாயில் தண்ணீர் இல்லாதது, யார் யாருக்குக் கல்யாணம் என்று போய்க்கொண்டே இருந்தது. நடுநடுவே நீளமான இருமல். "போதும்ப்பா, இளைக்குது பாருங்க" என்று மாமாவின் குரல். "நீ சும்மா இருடா" என்று தாத்தா. இரண்டாம் பக்கத்தின் முடிவில் குரல் மெலிந்து, "தாயி, அடுத்த கப்பலுக்கு நான் இருக்கேனோ என்னவோ. உங் குரலை ஒருவாட்டி காதுல போட்டுக்கிட்டாப் போதும்" என்றார். அதற்குப் பிறகு பொத்தானை நிறுத்தும் சத்தம்.

அந்தக் கடைசி வரிதான் என் பயத்தின் வேர். பதில் போகாவிட்டால் தாத்தா செத்துவிடுவார் என்று நான் அதை அர்த்தப்படுத்திக்கொண்டேன். இப்போது பொத்தான் இறங்கவில்லை. அப்படியானால் தாத்தாவைக் கொல்லப்போவது நான்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "யாரு இதைத் தொட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாரும் தொடலைங்க."

அவ்வளவு வேகமாக அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா தன் முறைப்படி ஆரம்பித்தார். பேட்டரிகளை எடுத்து வெயிலில் வைத்துத் திரும்பப் போட்டார். கேசட்டை வெளியே எடுத்து ஊதினார். தையல் மிஷின் எண்ணெயை ஒரு சொட்டு பொத்தானின் இடுக்கில் விட்டார். கேசட் இல்லாமல் வெறும் பெட்டியில் அழுத்திப் பார்த்தார். அப்போதும் இறங்கவில்லை. "பாத்தியா, மெஷின்லதான் கோளாறு" என்று முடிவு கட்டினார். கேசட் இல்லாத பெட்டியில் சிவப்புப் பொத்தான் இறங்காமல் இருப்பதுதான் சரி என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். ஒலிப்பதிவுக் கருவிகளைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் வீட்டில் நடந்த முதல் சோதனையே எங்களைத் தவறான பக்கம் திருப்பிவிட்டது.

அன்று மத்தியானம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதினேன். இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினேன். மூடியைத் திறந்து விரலை விட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். கேசட்டைக் கீழே போட்டேன், ஒருமுறை. 'ஒருமுறை' என்பதை அடித்துவிட்டு 'இரண்டு முறை' என்று திருத்தினேன். எழுதினால் பயம் குறையும் என்று நினைத்திருந்தேன். எழுதியதும் அது குற்றவாளியின் வாக்குமூலம் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தைக் கிழித்து, மடித்து, ஜன்னல் கட்டைக்கும் தகரத்துக்கும் நடுவில் சொருகி வைத்தேன்.

திங்கட்கிழமை அப்பா மில்லிலிருந்து வந்ததும் பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார். கேசட்டைப் பிடித்துக்கொள்ள என்னையும் கூட்டிப் போனார். ரேடியோ பழுது பார்க்கும் பாய் எங்கள் தெருவுக்குக் கீழே கடை வைத்திருந்தார். நாகூர்க்காரர். வாய் நிறைய வெற்றிலை, பேச்சு பாதி இந்தி.

வழியெல்லாம் நான் வேண்டிக்கொண்டு போனது ஒன்றுதான். பாய் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே என் விரல் பட்ட அடையாளம் தெரியக் கூடாது.

அவர் திறந்தார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து வேறொரு கேசட்டை எடுத்துப் போட்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அது 'டக்'கென்று இறங்கியது. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். ஓட்டிப் பார்த்தால் அவருடைய குரல் தெளிவாக வந்தது.

"மெஷின் ஏக்தம் டீக் சார். உங்க கேசட்டுதான் ஜித்து பண்ணுது."

"கேசட்டுக்கு என்ன பாய் பிடிவாதம்? அதுக்கு உசிரா இருக்கு?"

"அதை என்னைய கேட்டா? வால்வு ரேடியோ கொண்டாங்க, கண்ணைக் கட்டிக்கிட்டு ரிப்பேர் பண்றேன். இந்த டப்பா இப்பத்தான் தீவுக்கே வந்திருக்கு. நானும் இதைப் பாத்துப் பாத்துத்தான் படிச்சிக்கிட்டிருக்கேன்."

"அப்ப அந்தக் கேசட்டைக் குடுங்க. வேற வாங்கித் தந்துர்றேன்."

"அரே, இது கப்பல் ஆபீசரோடது சார். அவரு பாட்டுக்கு நடுவுல இப்ப என் ஹலோ விழுந்து கெடக்கு. அதுக்கே என்ன ஜவாப் சொல்றதுன்னு தெரியல."

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு கேசட்டுகளும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பயந்தவளுக்குக் கண் கூர்மையாக இருக்கும். கப்பல்காரருடைய கேசட்டின் முதுகில், இரண்டு ஓரத்திலும், பல் மாதிரிச் சின்னதாக ஒரு தகடு இருந்தது. எங்களுடையதில் அந்த இடங்களில் இரண்டு குழிகள். கீழே விழுந்ததில் உடைந்திருக்கிறது. உடைத்தது நான்தான். இனிச் சந்தேகமே இல்லை. வாயைத் திறக்காமல் வீடு வந்து சேர்ந்தேன்.

"மெஷின் நல்லாருக்காம். கேசட்டு சரியில்லையாம்" என்றார் அப்பா.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "அப்ப இந்தவாட்டி லெட்டராப் போட்டுருவோம்."

"லெட்டரை உங்கப்பா எந்தக் கண்ணால படிப்பாரு?"

"தம்பி படிச்சுக் காட்டுவான்ல."

"அவரு கேட்டது உன் தம்பி குரலையா?"

அம்மா களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள்.

செவ்வாய்க்கிழமை. சாத்தத்தில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் ஊருக்குப் போகிறார். சாயந்தரம் ஆறு மணிக்குள் அவர் கையில் கொடுக்க வேண்டும். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நான் கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் குழிகளை அடைக்க என்ன கிடைக்கும் என்று தேடினேன். அம்மாவின் ஊசி டப்பாவைத் திறந்தேன். பொத்தான்கள், ஊக்குகள், ஒரு சிட்டு நூல். அடியில், துணித் துண்டில் முடிந்துவைத்த இரண்டு கறுப்புப் பற்கள்.

அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பிறகு எல்லாம் விளங்கிவிட்டது. உடைத்தது நான் இல்லை, அம்மா. கை தவறி உடைத்துவிட்டு, அப்பாவுக்குப் பயந்து, துண்டுகளை ஒளித்து வைத்திருக்கிறாள். நான் ஜன்னலில் காகிதத்தை ஒளித்த மாதிரியே. "யாரும் தொடலைங்க" என்று அவ்வளவு வேகமாகச் சொன்னதும் அதனால்தான். மூன்று நாட்களாக இந்த வீட்டில் நான் மட்டும் பயந்துகொண்டிருக்கவில்லை என்று தெரிந்ததில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. இப்போது நான் காப்பாற்ற வேண்டியது தாத்தாவை மட்டுமல்ல, அம்மாவையும்.

அந்தப் பற்களை வைத்து அழுத்திப் பார்த்தேன். நிற்கவில்லை. கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மென்று, உருட்டி, குழிகளில் திணித்தேன். ஊக்கின் தலையால் குத்திக் கெட்டிப்படுத்தினேன். காயும்வரை விசிறியால் விசிறினேன். துண்டுகளைப் பழையபடி முடிந்து டப்பாவின் அடியில் வைத்தேன். அப்பாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று சாமி படத்தின் முன்னால் சத்தியம் செய்துகொண்டேன்.

பல வருடங்கள் கழித்துப் பாலிடெக்னிக்கில், ஒரு வகுப்பில், ஆசிரியர் கேசட் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இதில் இருப்பதை யாரும் அழிக்கக் கூடாதென்றால் இந்தத் தகட்டை உடைத்துவிடுங்கள்" என்று சொன்னார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் எழுதவில்லை.

நாலரை மணிக்கு அப்பா வந்தார். கடைசியாக ஒரு தடவை அழுத்திப் பாருங்கள் என்று நான்தான் சொன்னேன். சலித்துக்கொண்டே அழுத்தினார். சிவப்புப் பொத்தான் இறங்கியது.

"ஏய், இங்க வா சீக்கிரம், ஓடுது!" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"பேப்பர் வச்சு அடைச்சேன்ப்பா. பாய் கடையில பாத்தேன்" என்றேன்.

"பாய்க்கே தெரியாததை எம் பொண்ணு பண்ணியிருக்கா பாரு." அப்பா என் முதுகில் தட்டினார்.

அம்மா ஈரக் கையோடு வாசற்படியில் நின்றாள். என்னையே பார்த்தாள். நான் கண்ணாலேயே ஊசி டப்பாவைக் காட்டி, பயப்படாதே, சொல்லமாட்டேன் என்பதுபோலத் தலையாட்டினேன். அம்மாவின் முகம் என்னவோ போல ஆனது. வந்து உட்கார்ந்தாள். நாடா சுற்றத் தொடங்கியது. அவள் சுற்றும் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கையைக் காட்டி அவசரப்படுத்தினார். "சும்மா ஓடுது பாரு, பேசு."

"அப்பா" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு சாதாரணமாகத்தான் பேசினாள். நன்றாக இருக்கிறோம், மழை இன்னும் விடவில்லை, கஷாயத்தை விடாமல் குடியுங்கள், எழுந்து நடக்காதீர்கள் என்று. ஒரு பக்கம் முடியும்வரை குரல் தடுமாறவில்லை. மறுபக்கத்தில் அப்பா பேசினார். அவருக்குப் பேச விஷயம் தீர்ந்துபோய், "நீ ஏதாச்சும் சொல்லு" என்று பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொல்லி முடித்தேன். நாடா மிச்சம் இருந்தது. பதினேழையும் சொன்னேன். அதற்குப் பிறகும் நாடா தீரும்வரை பெட்டி சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

கேசட் போய்ச் சேர்ந்தது. தாத்தா அதைக் காதோடு ஒட்டவைத்து இரண்டு முறை கேட்டார் என்று மாமா எழுதினார்.

கேசட் திரும்பி வந்தபோது அதில் மாமா மட்டும் பேசியிருந்தார். விஷயம் அதற்கு முன்பே தந்தியில் வந்துவிட்டது. அம்மா முதல் பக்கத்தை முடிவுவரை ஓட்டினாள். திருப்பிப் போட்டு இரண்டாம் பக்கத்தையும் ஓட்டினாள். மாமா பேசி முடித்த பிறகும் நிறுத்தாமல், பெட்டியின் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கோ நான் பதினேழாம் வாய்ப்பாட்டின் கடைசி வரியைச் சொல்வது கேட்டது. அதற்கும் பிறகு வெறும் இரைச்சல். நாடா தீர்ந்து பொத்தான் தானாக மேலே எழும்பியது.

அம்மா கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் வேலையைத்தான் சோதிக்கிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பாத்தியாம்மா, அவ்வளவு தூரம் போய்ட்டு வந்தும் நான் வச்ச பேப்பர் அசையவே இல்ல."

அம்மா அந்தக் காகித உருண்டையை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "நல்லாத்தான் அடைச்சிருக்கே."

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.